ரப்பரும் தசையும்

நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பாலைக் கலக்கும் பகுதி கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. கந்தகம், துத்தநாக ஆக்ஸைடு என்று வரிசையாகப் பீப்பாய்கள். கடைசியில் வெள்ளைக் கூழ் நிரம்பிய ஒரு நீலப் பீப்பாய். அதன் மேல் பெரிய எழுத்தில் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று ஒட்டியிருக்கும். நூறு பங்கு ரப்பருக்கு அதில் ஒரு பங்குகூடப் போடுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் கையுறை சில மாதங்களில் பிசுபிசுத்துப் போகும், இல்லையென்றால் விரலை மடக்கியதும் விரிசல் விடும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அந்தப் பீப்பாய் பக்கத்தில் நின்றுகொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான மாத்திரையை விழுங்கினேன். அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த நேரம். செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த டோகோட்ரையினால் மாத்திரை, ஒரு பாட்டில் 160 வெள்ளி. நேரடி விற்பனை செய்யும் ஓர் உறவினர் என் தலையில் கட்டியது. பாட்டிலிலும் அதே சொல், கிட்டத்தட்ட அதே நீல நிறத்தில். கூட வேலை செய்யும் மலாய் நண்பர் இரண்டையும் பார்த்துவிட்டு, "நீயும் ஒரு கையுறைதான் போல" என்றார். சிரித்தோம்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கிண்டல் விடவில்லை. பீப்பாயில் இருக்கும் சொல்லும் பாட்டிலில் இருக்கும் சொல்லும் ஒரே சொல்லா, அல்லது பெயர் மட்டும் ஒத்துப்போன இரண்டு பேரா? தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. இலக்கிய இதழில் ரப்பர் வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் நம் தோட்டங்களின் பணமும் இருக்கிறது.

கதை நம் பக்கத்துக் காட்டில் தொடங்குகிறது. மலாய்க்காரர்கள் 'கெத்தா பெர்ச்சா' என்றழைத்த மரப்பிசினை 1843ல் வில்லியம் மொன்ட்கொமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பியர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீரில் கெடாது. கடலுக்கடியில் தந்திக் கம்பி போட நினைத்தவர்களுக்கு இதைவிட நல்ல உறை கிடைக்கவில்லை. 1851ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட கம்பிக்கு இதுதான் சட்டை. பாலுக்காகச் சீவிய மரங்கள் அல்ல அவை, வெட்டிச் சாய்த்த மரங்கள். சில பத்தாண்டுகளில் காடுகளே காலியாயின.

கடலடியில் கெடாமல் கிடந்த அதே பொருள் வெயில் நாடுகளில் காற்றுப்பட்ட இடத்தில் பொடிந்து உதிர்ந்தது. 1861ல் ஏ.டபிள்யூ. ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் அப்படிக் கெட்டுப்போன கெத்தா பெர்ச்சாவைச் சோதித்து, அது ஆக்ஸிஜனை உள்வாங்கியிருப்பதைக் காட்டினார். மூச்சு விட நமக்குத் தேவையான ஆக்ஸிஜன்தான் பிசினைத் தின்றுகொண்டிருந்தது. 'ஆக்ஸிஜன் கெடுக்கும்' என்ற எண்ணத்தின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று இப்படி நம்மூர் மரப்பிசினில் விழுந்தது. உடம்பைப் பற்றி அப்போது யாரும் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

அடுத்த படி போரில் வந்தது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை அக்ரோலின் என்ற, கண்ணை எரிக்கும் திரவத்தை ஆயுதமாகப் பயன்படுத்தப் பார்த்தது. அது சேமிப்பில் நிற்காமல் தானாகவே கெட்டது. ஷார்ல் மூர்யோவும் ஷார்ல் டுஃப்ரேஸும் இதைக் கெடாமல் வைக்க வழி தேடியபோது, ஹைட்ரோகுவினோன் மாதிரி ஃபீனால் வகைப் பொருள்களைத் துளியளவு சேர்த்தாலே போதும் என்று கண்டார்கள். 1922ல் அவற்றுக்கு 'ஆன்டிஆக்ஸிஜேன்' என்று பெயர் வைத்தார்கள். எண்ணெய்க்காரர்களும் பெட்ரோல்காரர்களும் ரப்பர்காரர்களும் இதை ஆர்வத்தோடு பிடித்துக்கொண்டார்கள். டயர் யுகம் அது. அன்றைக்கு ஒரு வேதியியலாளரிடம் ஆன்டிஆக்சிடன்ட் என்று சொல்லியிருந்தால் அவர் மனதில் பழச்சாறு வந்திருக்காது.

அடுத்து வருவதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

1934ல் ரப்பர் விலைச் சரிவைத் தடுக்கச் சர்வதேச ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தது. மலாயா, இலங்கை உட்பட உற்பத்தி செய்யும் நாடுகள் ஏற்றுமதிக்கு வரம்பு வைத்தன. அதோடு ஏற்றுமதியாகும் ரப்பர் மீது ஆராய்ச்சிக்காக ஒரு 'செஸ்' வரியும் வந்தது. அந்தப் பணத்தில் 1938ல் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் உருவானது. இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டி என்ற ஊரில் அதன் ஆய்வகம் அமைந்தது. ரப்பர் ஏன் முதுமையடைகிறது என்பது அவர்கள் கையிலெடுத்த கேள்விகளில் ஒன்று.

ரப்பர் மூலக்கூறு மிக நீளமானது, நேரடியாக ஆராய்வது தலைவலி. அதனால் ஜே.எல். போலண்டும் ஜெஃப்ரி ஜீயும் சிறிய, எளிய ஒரு மாற்று மாதிரியை எடுத்துக்கொண்டார்கள்: எத்தில் லினோலியேட். தாவர எண்ணெய்களில் இருக்கும் லினோலியிக் கொழுப்பமிலத்தின் உறவுக்காரப் பொருள். அது ஆக்ஸிஜனோடு எப்படிச் சேர்கிறது என்று அளந்து 1946ல் வெளியிட்டார்கள். இணை இல்லாத எலெக்ட்ரானோடு திரியும் ஒரு துண்டு மூலக்கூறு, அதாவது ஃப்ரீ ரேடிக்கல், ஆக்ஸிஜனைப் பிடிக்கிறது. பிறகு பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பிடுங்கப்பட்டது இப்போது புது ஃப்ரீ ரேடிக்கல் ஆகிறது. அது அடுத்ததைப் பிடுங்குகிறது. கடன்காரன் இன்னொருவனிடம் கடன் வாங்கி அடைக்கும் கதை. ஆன்டிஆக்சிடன்ட் என்பது நடுவே வந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, தான் யாரையும் பிடுங்காமல் அடங்கிவிடும் ஆள். அடுத்த வருடமே ஹைட்ரோகுவினோன் இந்தச் சங்கிலியை எப்படி அறுக்கிறது என்ற கட்டுரையும் அங்கிருந்து வந்தது.

லினோலியிக் அமிலம் நம் செல்களின் சவ்விலும் இருக்கிறது. இன்று 'தசையில் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம்' பற்றி எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அதில் வரும் படிகள், தொடக்கம், பரவல், முடிவு, வெல்வினில் ரப்பருக்காக எழுதிய அதே படிகள்தான். ரப்பருக்கு மாற்றாக எடுத்த மாதிரி, பிற்பாடு மனித உடம்புக்கு மாதிரி ஆகிவிட்டது.

இதற்குக் காசு கொடுத்தது யார்? கணக்குப்படி தோட்ட முதலாளிகள். ஆனால் ஏற்றுமதியில் ஒரு பங்கு போனால் அது எந்தப் பக்கம் கிள்ளப்படும் என்று தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆய்வகம் தொடங்கி மூன்றே வருடத்தில், 1941ல், கிள்ளான் வட்டாரத்தில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க முடியாது என்றார்கள். பட்டாளம் வந்து சுட்டது. சிலர் செத்தார்கள். போலண்டையும் ஜீயையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்தது அருமையான வேலை, படித்தபோது உண்மையிலேயே வியந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பாலிமர் வேதியியல் படித்த எனக்கு இந்த வினைப்படிகளை எழுதிப்போட்ட எந்த விரிவுரையாளரும், இது நம் மரத்துப் பாலின் வரியில் எழுதியது என்று சொன்னதில்லை. நான் படித்த தோட்டப்புற நாவல்களிலும் பால் ஸ்டோர் வரைதான் போகும். அதற்கு மேல் எங்கே போனது என்று யாரும் எழுதவில்லை. அந்தச் சங்கம் பின்னர் மலேசியாவின் கைக்கு வந்தது. இன்று துன் அப்துல் ரசாக் பெயரில் இங்கிலாந்தின் பிரிக்கன்டன்பெரியில் இயங்குகிறது.

ரப்பரிலிருந்து உடம்புக்குப் பாலம் போட்டவர்களுக்கு வருகிறேன். ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி பாப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சி எடுத்தவர், 1937ல் நோபல் வாங்கியவர். அதற்கு முந்தைய வருடம் அவரும் கூட்டாளிகளும் எலுமிச்சையிலும் மிளகாயிலும் இருக்கும் ஃப்ளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்தார்கள் (ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்து வருமே, அந்த பி). வைட்டமின் என்ற தகுதி அதற்கு நிலைக்கவில்லை. ஆனால் தாவரத்தின் நிறப்பொருள்களைப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்ற ஆசை அங்கே முளைவிட்டது. வைட்டமின் ஈ ஒரு சிறந்த ஆன்டிஆக்சிடன்ட் என்று 1937ல் அமெரிக்காவில் கண்டார்கள். அதைக் கொழுப்பு கெட்டுப்போகும் சோதனையில் கண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

விளையாட்டு வீரர்கள் சீக்கிரமே வந்து சேர்ந்தார்கள். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கியூர்ட்டன் கோதுமை முளை எண்ணெய் கொடுத்து ஓடவிட்டு, தாங்கும் சக்தி கூடுகிறது என்றார். வைட்டமின் ஈ நிறைந்த எண்ணெய் அது. 1971ல் பிரிட்டனில் இளம் நீச்சல்காரர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், பயிற்சியால் வந்த முன்னேற்றத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

முடியாததற்குக் காரணம் டென்ஹாம் ஹார்மன். இவர் மருத்துவர் ஆவதற்கு முன் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்த வேதியியலாளர். ஃப்ரீ ரேடிக்கல் வினைகள் அவருக்குத் தொழில். பிறகு மருத்துவம் படித்து, மனிதன் ஏன் மூப்படைகிறான் என்று யோசித்தபோது கையிலிருந்த கருவியையே எடுத்தார்: எண்ணெயும் ரப்பரும் எப்படிக் கெடுகிறதோ அப்படித்தான் உடம்பும். 1956ல் அந்தக் கருத்தை வெளியிட்டார். அதற்கு இரண்டு வருடம் முன்பே அர்ஜென்டினாவின் ரெபெக்கா கெர்ஷ்மன், கதிர்வீச்சும் அளவுமீறிய ஆக்ஸிஜனும் உடம்பைத் தாக்குவது ஒரே வழியில், ஃப்ரீ ரேடிக்கல் மூலமாக என்று எழுதியிருந்தார். ஹார்மன் அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. ஹார்மன் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? எலிகளுக்கு பி.எச்.டி. என்ற பொருளைத் தீனியில் கலந்து கொடுத்து எவ்வளவு நாள் வாழ்கின்றன என்று பார்த்தார். பி.எச்.டி. ரப்பரிலும் சமையல் எண்ணெயிலும் போடும் ஆன்டிஆக்சிடன்ட். எங்கள் நீலப் பீப்பாயில் இருப்பதன் சொந்தக்காரப் பிள்ளை.

ஆக, இரண்டும் ஒரே சொல்தான். நண்பர் சரியாகத்தான் சொன்னார்.

1982ல் அமெரிக்காவின் பெர்க்லியில் கெல்வின் டேவிஸும் கூட்டாளிகளும் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டு, அவற்றின் தசையிலும் ஈரலிலும் ஃப்ரீ ரேடிக்கலின் அடையாளத்தைக் காந்தப்புலக் கருவியில் அளந்தார்கள். ஓய்விலிருந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு. வைட்டமின் ஈ இல்லாத தீனி தின்ற எலிகள் சீக்கிரமே களைத்தன. இனி கேட்கவா வேண்டும்? ஓடினால் ஃப்ரீ ரேடிக்கல் வரும், அது தசையை அரிக்கும், ஆகவே மாத்திரை. இந்த மூன்று வரிதான் நாற்பது வருட வியாபாரம். என் உறவினர் என்னிடம் காட்டிய வண்ணப் படத்திலும் இதே மூன்று வரிதான், கூடவே வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஓர் ஆப்பிள்.

அதே கட்டுரையில் டேவிஸ் இன்னொன்றையும் ஊகித்திருந்தார். உடற்பயிற்சியில் பிறக்கும் இந்த ரேடிக்கல்களேதான், இன்னும் நிறைய மைட்டோகாண்ட்ரியா கட்டு என்று தசைக்குத் தகவல் சொல்கின்றனவோ? மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருக்கும் எரிசக்தி உலை. அது பெருகுவதுதான் தாங்கும் சக்தி வளர்வதன் முக்கிய அடையாளம். அந்தப் பாதியை மாத்திரை விற்றவர்கள் படிக்கவில்லை. விஞ்ஞானிகளில் பலரும் இருபத்தைந்து வருடம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2008ல் ஸ்பெயினின் வலென்சியாவில் வைட்டமின் சி கொடுத்துப் பயிற்சி கொடுத்த எலிகளின் தாங்கும் சக்தி, சும்மா பயிற்சி செய்த எலிகளின் அளவுக்கு வளரவில்லை என்று கண்டார்கள். புது மைட்டோகாண்ட்ரியா உருவாகும் குறிகளும் தசையில் குறைந்திருந்தன. அடுத்த வருடம் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு இளைஞர்களுக்கு நாலு வாரம் பயிற்சி கொடுத்தது. பாதிப் பேருக்குத் தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலினை உடம்பு பயன்படுத்தும் திறன் மேம்பட்டது. சாப்பிட்டவர்களுக்கு அந்த நன்மை வரவில்லை. 2014ல் நார்வேயில் 54 பேரை 11 வாரம் பார்த்தார்கள். ஓட்டத் திறன் இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரிதான் கூடியது, ஆனால் மாத்திரை எடுத்தவர்களின் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா வளரும் அறிகுறிகள் மட்டுப்பட்டிருந்தன. இதை வைத்து மாத்திரை தின்றால் ஓட முடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் இன்னொரு விற்பனைப் பேச்சு. ஓடலாம். செலவழித்த 160 வெள்ளிக்கு எதுவும் கிடைக்காது, கூடவே பயிற்சியின் பலனில் கொஞ்சம் கழியலாம், அவ்வளவுதான்.

வைட்டமின் தோற்றபோது வியாபாரம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால்தான் இதில் நட்சத்திரம். 2006ல் பிரான்சில் யோஹான் ஆவெர்க்ஸின் ஆய்வகத்தில் அதைத் தின்ற எலிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் ஓடின. தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம். அப்படியே பெருக்கினால் அறுபது கிலோ ஆளுக்கு 24 கிராம். எலிக் கணக்கை மனிதருக்கு இப்படி நேராகப் பெருக்கக்கூடாதுதான், ஆனாலும் கடையில் விற்கும் மாத்திரை எங்கே இருக்கிறது என்பது புரியும். 2013ல் கோப்பன்ஹேகனில் அறுபத்தைந்து வயதையொட்டிய 27 ஆண்களுக்கு எட்டு வாரம் கடும் பயிற்சி கொடுத்து, சிலருக்கு 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். உடம்பு உச்சத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனை உள்வாங்கும் என்பதில் வெற்று மாத்திரைக்காரர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் 45 விழுக்காடு அதிகம். எலிக்கு ஓடிய மருந்து, வயதானவரைப் பிடித்து இழுத்தது.

நம் வீட்டு வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் குவெர்செடினுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா நிதி உட்படப் பெரிய ஆதரவு இருந்தது. படைவீரன் களைக்காமல் நடக்க வேண்டுமே. 2010ல் வந்த ஓர் ஆய்வில் 12 பேர் ஏழு நாள் தினம் ஒரு கிராம் எடுத்து, சைக்கிளில் 13 விழுக்காடு அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். இந்த 12 பேரைத்தான் விளம்பரங்கள் இன்னும் தூக்கிப் பிடிக்கின்றன. அதற்கு முந்தைய வருடம் 30 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒன்றும் வரவில்லை என்பதை யாரும் தூக்குவதில்லை. 2011ல் 11 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது பலன் இருக்கத்தான் செய்தது, ஆனால் மிகச் சிறியது. தினம் ஒரு கிராம் குவெர்செடின் வேண்டுமென்றால் வெங்காயம் கிலோக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். முருங்கைக்கீரையைச் சாப்பிடுங்கள், ஆனால் மாரத்தானுக்காகச் சாப்பிடாதீர்கள்.

(பீட்ரூட் சாறு மட்டும் ஓரளவு வேலை செய்கிறது. அதன் சிவப்பு நிறத்தால் அல்ல, அதிலிருக்கும் நைட்ரேட்டால். அது வேறு கதை.)

என் மாத்திரைக்கு வருகிறேன். டோகோட்ரையினால் வைட்டமின் ஈயின் குடும்பம். கச்சாச் செம்பனை எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 600லிருந்து 1000 மில்லிகிராம் வைட்டமின் ஈ இருக்கிறது, அதில் பெரும்பகுதி டோகோட்ரையினால். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாக மாறிய நாட்டில் இது தேசியப் பெருமை ஆனது இயல்புதான். கிளந்தானில் கூபாங் கெரியானில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2006ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பொழுதுபோக்காக விளையாடும் 18 ஆண்கள். ஆறு வாரம் செம்பனை வைட்டமின் ஈ, இன்னொரு ஆறு வாரம் வெற்று மாத்திரை. பிறகு 31 டிகிரி வெப்பம், 70 விழுக்காடு ஈரப்பதத்தில் களைக்கும்வரை ஓட்டம். குளிரூட்டிய ஐரோப்பிய ஆய்வகத்தில் இல்லாமல், நம் காலை பத்து மணிக் காற்றில் நடந்த சோதனை இது என்பதாலேயே எனக்குப் பிடித்தது. இரத்தத்தில் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் குறைந்தது. ஓடும் நேரம் கூடவில்லை. தசைச் சேதமும் குறையவில்லை. வேதியியல் சொன்னபடி நடந்தது, உடம்பு அதைப் பொருட்படுத்தவில்லை. நான் வாங்கிய பாட்டிலுக்கு எத்தனையோ வருடம் முன்பே, சொந்த நாட்டில், இலவசமாகப் படிக்கக் கிடைத்த கட்டுரை. நானோ பொறியாளர் என்று சொல்லிக்கொண்டு ஆப்பிள் படத்தை நம்பினேன்.

ஏன் நம்பினேன் என்று யோசித்தேன். தொழிற்சாலையில் நான் கையுறைகளை 70 டிகிரி அடுப்பில் ஏழு நாள் வைத்து எடுத்து இழுத்துப் பார்ப்பவன். அடுப்புக்குள் போன ரப்பர் ஒருபோதும் முன்னைவிட வலுவாக வெளியே வர முயற்சி செய்வதில்லை. ரப்பருக்கு ஆக்ஸிஜன் என்றால் சேதம், சேதம் மட்டும்தான். தசை அப்படியில்லை. அது அடி வாங்கியதைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவைக்காகக் கூடுதலாகக் கட்டுகிறது. தன் சொந்த ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளையும் தானே கூட்டிக்கொள்கிறது. அந்தக் குறிப்பை எழுதும் மையில் ஒரு பகுதி ஃப்ரீ ரேடிக்கல். மாத்திரை அந்த மையை அழித்தது. ஹார்மனும் தொழிற்சாலையிலிருந்து உடம்புக்குப் போனவர், நானும் தினம் எட்டு மணி நேரம் அங்கே இருப்பவன். செத்த பொருளுக்குச் சரியாகப் பொருந்திய படத்தை உயிருள்ளதன் மேல் மாட்டியது அவருடைய துணிச்சல், என்னுடைய சோம்பேறித்தனம்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செம்பனையில எடுத்ததா?"

"ஆமா பாட்டி. ஆனா மொதல்ல கண்டுபிடிச்ச எடத்துல கித்தாப் பாலும் ஒண்ணு. 1965ல இங்கிலாந்துல லிவர்பூல்ல இருந்து எழுதியிருக்காங்க. பால்ல இது இருக்குன்னு."

"அறுபத்தஞ்சா? அப்ப நான் புதுசா நெற எடுத்த சமயம்." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டு. காண்டா வாளியில ரெண்டு பக்கமும் பாலத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறணும். கையெல்லாம் பாலு. ஒன் மருந்துலயே குளிச்சிருக்கேன்டா நான். முட்டி போச்சே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உடம்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று அழகாக எழுதிவிடலாம். கட்டிக்கொள்ள ஓய்வு வேண்டும், சோறு வேண்டும், அடுத்த நாள் காலை ஐந்து மணிக்குப் பெரட்டு இல்லாமல் இருக்க வேண்டும். நான் சொந்த விருப்பத்தில் ஓடி, ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறேன். பாட்டி சுமந்ததற்குப் பெயர் பயிற்சி இல்லை.

அடுத்த மாதம் பாட்டிக்கு வலது முட்டியை மாற்றுகிறார்கள். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக் தகடு வைப்பார்கள். அந்தப் பிளாஸ்டிக்கும் வருடக்கணக்கில் ஆக்ஸிஜன் பட்டு நைந்துபோகும் என்பதால், 2007லிருந்து செயற்கை மூட்டுகளில் வைட்டமின் ஈ ஊறவைத்த பாலிஎத்திலினும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அங்கே அது வேலை செய்கிறது. பிளாஸ்டிக்குக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாதே. பாட்டிக்கு எந்த வகை வைப்பார்கள் என்று மருத்துவரிடம் கேட்க ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

"எத்தன வருசம் வரும் அது?" என்றார் பாட்டி.

"பதினஞ்சு, இருவது வருஷம் வரும்னு சொல்றாங்க."

"எனக்கு எழுபத்தெட்டு ஆவுது," என்று பாட்டிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "மூடி நல்லாருக்கு. காலியானதும் கொண்டா, கிராம்பு போட்டு வைக்கிறேன்."

இன்னும் முப்பத்தாறு மாத்திரை இருக்கிறது.